நாற்பது கலங்கள்

போயா விடுமுறை. கன்ரீன் பூட்டு.
குளிரூட்டி சொட்டும் தண்ணீருக்குக் கீழே
பழைய ஐஸ்கிறீம் டப்பா.
கின்சி வீதியில் அம்புலன்ஸ் ஒன்று
கத்திக்கொண்டு போய்
எங்கோ திரும்பி ஓய்ந்தது.

திரையில், எலியின் இதயத்திலிருந்து எடுத்த
தசைக்கலம் ஒன்று
பச்சையாய் எரிகிறது.
உள்ளே கோடுகள்.
இறப்பர்ச் செருப்பின் அடியில் இருக்குமே, அதுபோல,
நெருக்க நெருக்கமாய்.
இரண்டு கோட்டுக்கு நடுவே
ஒரு மைக்ரோனும் சொச்சமும்.
அந்தச் சொச்சத்தைப் பிடிக்கத்தான்
எனக்குச் சம்பளம்.

மார்ச்சில் கையால் அளந்தேன்.
சுட்டியை ஒரு கோட்டில் வைத்து
பத்தாவது கோடுவரை இழுத்து
ஒன்பதால் வகுத்து
நாற்பது கலங்கள், மூன்று கிழமை.
கழுத்துப் பிடித்துக்கொண்டது.
சராசரி ஒன்று தசம் ஒன்பது இரண்டு.
கலாநிதி ரிஃப்காவின் கட்டுரையில்
இரண்டாம் அட்டவணையில் அது நிற்கிறது.
என் பெயர் நன்றிக்குறிப்பில்,
எழுத்துப் பிழையோடு.

இப்போது ஒரு புரோகிராம்.
துலாஞ்சலி ஹோமாகம வீட்டிலிருந்து
பிள்ளை தூங்கிய பிறகு எழுதியது.
அது கோட்டை எண்ணுவதில்லை.
படத்தை அலைகளாய் உடைத்து
எந்த அலை திரும்பத் திரும்ப வருகிறது,
எந்தத் திசையில் என்று பார்க்கிறது.
ஒழுங்கான கலமென்றால்
இருட்டில் இரண்டு புள்ளிகள்,
தூரத்தில் வரும் லொறியின் விளக்குகள்போல்.
குழம்பிய கலமென்றால்
மங்கலாய் ஒரு வளையம்.

அழுத்திவிட்டு பிளேன்ரீ ஊற்றப் போனேன்.
வந்து பார்த்தால்
ஆயிரத்து நூற்றாறு கலங்கள் முடிந்திருந்தன.
அதற்குக் கழுத்து இல்லை.

சராசரி ஒன்று தசம் ஏழு ஒன்று.

பிழை அதனுடையது என்றுதான் நினைத்தேன்.
யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.
அளவுகோலைச் சரிபார்த்தேன். சரி.
என் நாற்பதை மட்டும் கொடுத்துப் பார்த்தேன்.
ஒன்று தசம் ஒன்பது ஒன்று.
கிட்டத்தட்ட நானேதான்.

பிறகு மற்றவற்றைத் திறந்தேன்.
கோடு அறுந்தவை.
சுருண்டவை.
ஒரு முனையில் வரிசையாய் நின்று
மறுமுனையில் வெள்ளவத்தைச் சந்தையாய்க் கலைந்தவை.
இவற்றை எனக்குத் தெரியும்.
மார்ச்சில் ஒவ்வொரு தட்டிலும் கண்டவை.
கண்டு, கண்ணை நகர்த்தி,
பக்கத்தில் கிடந்த வடிவான ஒன்றில்
சுட்டியை வைத்திருக்கிறேன்.
யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.
தெளிவாய்த் தெரிவதை எடு என்றார்கள்,
அவ்வளவுதான்.

கலம் என்றால் கப்பலும்தான்.
அணையோரம் நேராய்க் கட்டியவற்றை மட்டும் எண்ணி
துறைமுகம் இதுதான் என்று எழுதிய
கிளாக்கர் நான்.

அறுநூற்றுப் பதினேழாம் கலம்.
ஒழுங்குக்குப் புரோகிராம் கொடுத்த புள்ளி
நூற்றுக்குப் பதினாறு.
சாயமிட முன் எடுத்த வீடியோ இருந்தது.
போட்டேன்.
கோணலாய், ஒரு பக்கத்தை மட்டும் இழுத்து இழுத்து
துடிக்கிறது.
மூன்று தரம் ஓடவிட்டேன்.
மூன்று தரமும் துடித்தது.

ரிஃப்காவுக்கு மின்னஞ்சல்.
'கருவி வேறுபாடு காரணமாக'
அழித்தேன்.
'இரண்டாம் அட்டவணையில் சிறு திருத்தம்'
சிறு என்பதை அழித்தேன்.
'கலங்களைத் தெரிவு செய்தது நான்.'
அதற்குமேல் ஓடவில்லை.

பஸ்ஸில் இடமில்லை.
இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன என்று
கொண்டக்டர் முதுகைத் தள்ளுகிறார்.
மேல் கம்பியை ஒரு கையால் பிடித்திருக்கிறேன்.
பிரேக் விழும் ஒவ்வொரு முறையும்
தோளிலிருந்து மணிக்கட்டுவரை
எத்தனை கோடிக் கோடுகள்
ஒன்றை நோக்கி ஒன்று நெருங்குகின்றன.
எல்லாம் நேராகவா இருக்கும்?

மற்றக் கையில் போன்,
அனுப்பாத மின்னஞ்சல்.
மிச்சக் காசு இன்னும் வரவில்லை.